மே மாத விடுமுறைக்கு வெளிநாடு: வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புபவர்களுக்கான வேலை வரிசை

பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, ஜூன் தொடக்கத்தில் மறுபடி திறக்கிறார்கள். இடையில் கிடைக்கும் ஐந்தாறு வாரத்தில்தான் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துக் குடும்பங்கள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகின்றன. முன்பின் தெரியாத நாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அந்த நாட்டில் வருவதில்லை. வேலைகளைத் தலைகீழாகச் செய்வதால் இங்கேயே வந்துவிடுகிறது. மலிவு டிக்கெட்டுக்கு மார்ச்சில் பணம் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் காகிதத்தைக் கேட்கிறது.

1. பாஸ்போர்ட்: தேதியும் பெயரும் (நவம்பர், டிசம்பர்)

வீட்டிலுள்ள எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒன்றாக எடுத்து வைத்து முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகள் நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அக்டோபரில் முடியும் பாஸ்போர்ட்டோடு மே மாதம் சிங்கப்பூர் கிளம்பினால், மீனம்பாக்கத்தில் விமான நிறுவனக் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். தகுதியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதமும் திரும்ப அழைத்து வரும் செலவும் அந்த நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் அங்கே கெஞ்சிப் பயனில்லை.

பெரியவர்களுக்கு 10 ஆண்டு, குழந்தைகளுக்கு 5 ஆண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட் இன்னும் நான்கு ஆண்டு செல்லும், குழந்தையுடையது போன தீபாவளியோடு முடிந்திருக்கும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். ஆதாரில் 'கோ. செந்தில்', பள்ளிச் சான்றிதழில் 'செந்தில் ஜி', பான் கார்டில் 'செந்தில் கோவிந்தன்' என்று மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் போடும் வழக்கம் இல்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். கொடுக்கப்பட்ட பெயர் என்ற கட்டத்தில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயர், இப்படி இரண்டையும் நிரப்புங்கள். குடும்பப் பெயரைக் காலியாக விட்டால் பிற்பாடு ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் தந்தை அல்லது குடும்பப் பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள்.

திருமணமான பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆதாரில் இன்ஷியல் கணவர் பெயருக்கு மாறியிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே இருக்கும். எது வேண்டுமானாலும் இருக்கட்டும். பாஸ்போர்ட், டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் நான்கிலும் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் அதே எழுத்துகள் வர வேண்டும்.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் முகவரியில் மாவட்டத்தைக் கவனியுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வாலாஜாபேட்டை, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயின. ஆதாரில் இன்னும் பழைய மாவட்டம் இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். போலீஸ் சரிபார்ப்பு நீங்கள் குறிப்பிடும் மாவட்டத்துக்கும் காவல் நிலையத்துக்கும்தான் போகும். தவறான நிலையத்துக்குக் கோப்பு போனால், அது திரும்பி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அங்கே தேதி கிடைக்காவிட்டால் சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மையங்களில் பாருங்கள். 36 பக்க சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு ரூ.1,500, 18 வயதுக்குக் கீழே ரூ.1,000, தட்கலுக்கு மேற்கொண்டு ரூ.2,000. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதி எடுக்க வேண்டும். 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே செல்லும்.

2. மாதத்துக்குப் பொருந்தும் நாடு (டிசம்பர்)

கத்திரி வெயிலுக்குத் தப்பிப் போவது நோக்கம் என்றால், போகிற இடத்தில் அந்த மாதம் என்ன பருவம் என்று முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மே மாதம் குளிர்காலத்துக்கு முந்தைய நேரம். நம் வீட்டு ஸ்வெட்டர் போதாது. தாய்லாந்தின் புக்கெட் பக்கம் மே மாதம் மழை பிடித்துவிடும், படகுப் பயணங்கள் ரத்தாகும். இலங்கையில் தென்மேற்குக் கரை நனையும்போது திருகோணமலை உள்ள கிழக்குக் கரை வறண்டு நன்றாக இருக்கும். ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்கே தொடர் விடுமுறை. ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம், விலையும் ஏறியிருக்கும். மே இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால், விமானம் மாறாமல் நேராகப் போகக்கூடிய நாட்டையே முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுங்கள். நடுவில் விமானம் மாறும் நிலையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட வேண்டும்.

3. விசா (ஜனவரி முதல் மார்ச் வரை)

விசாவைப் பொறுத்தவரை நாடுகள் மூன்று விதம்.

விசா கேட்காதவை முதல் வகை. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 இறுதியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுக்கத் தொடங்கின. மலேசியாவின் அறிவிப்பு 2026 டிசம்பர் 31 வரை. இந்தச் சலுகைகள் அரசின் ஒரு உத்தரவில் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் அன்றே அந்த நாட்டுத் தூதரக இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் எடுப்பது இரண்டாம் வகை: வியட்நாமின் இ-விசா, இலங்கையின் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) போன்றவை. இங்கே வரும் பிழை போலித் தளங்கள். தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கின்றன. வியட்நாமுக்கு ஒரு முறை நுழையும் இ-விசாவின் அரசுக் கட்டணம் 25 டாலர். அதற்கு மேல் கேட்டால் நீங்கள் இடைத்தரகர் தளத்தில் நிற்கிறீர்கள்.

மூன்றாவது, காகிதம் கொண்டுபோய் விரல்ரேகை கொடுத்து வாங்குவது. ஷெங்கன் விசா இதில் சேரும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் மே மாதப் பயணத்துக்கான தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே பிப்ரவரியில் போய்விடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு விரல்ரேகையும் இல்லை. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். தேதி எந்த நாட்டுக்குச் சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் ஐந்து இரவு தங்கும் திட்டத்தை இணைப்பவர்களுக்கு நிராகரிப்பு வருகிறது.

விசா அதிகாரி காகிதத்தில் தேடுவது இரண்டு விஷயங்களை: செலவுக்கு வழி, திரும்பி வரக் காரணம். சம்பளக்காரர்களுக்கு விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும் போதும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் தொழில் செய்பவர், ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவர், நிலம் வைத்திருப்பவர் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு, இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் வாங்கி மொத்தமாக 5 லட்சம் போட்டு வைப்பது இங்கே பரவலான யோசனை. அது உதவாது, சந்தேகத்தையே கிளப்பும். ஆறு மாதமாக இரண்டு லட்சம் சீராக இருக்கும் கணக்கு, நேற்று திடீரென வந்த ஐந்து லட்சத்தைவிட வலுவானது.

குழந்தை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போகிறது என்றால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு தயார் செய்யுங்கள். பல நாடுகள் விசாவுக்கே கேட்கும், சில நாடுகள் எல்லையில் கேட்கும்.

டிராவல்ஸ்காரர் 'டம்மி டிக்கெட் போட்டுத் தருகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவும், விமான நிறுவனத்திடமே கட்டணம் கட்டிப் பிடித்துவைக்கும் இருக்கையும் உண்மையான ஆவணங்கள். பொய் ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த நிராகரிப்பு அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் கூடவே வரும்.

4. டிக்கெட்

விசா தேவைப்படும் நாட்டுக்குப் பணம் திரும்பாத டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

தேதியைக் கவனமாகப் படியுங்கள். சென்னையிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் மே 12, 00:40 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது மே 11 இரவு. 12-ஆம் தேதி இரவு போய் நிற்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள். தேதியை வீட்டு நாட்காட்டியில் '11 திங்கள் மாலை கிளம்ப வேண்டும்' என்று கிழமையோடு எழுதி வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்கள் டிக்கெட் படிவத்தில் இன்ஷியலைப் போட்டு நிரப்பாதீர்கள். சில நிறுவனங்கள் சொந்தப் பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், சில வேறு குறியீட்டைக் கேட்கும். அந்த நிறுவனத்துக்கே போன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சைவர்கள் 'இந்து உணவு' என்பதைத் தேர்ந்தெடுத்து ஏமாறுகிறார்கள். அதில் மாட்டிறைச்சிதான் இருக்காது. கோழியோ மீனோ வரும். சைவத்துக்கு ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டை, பயணத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பதிய வேண்டும்.

5. பணம் (ஏப்ரல்)

மூன்றாகப் பிரித்து வையுங்கள்: வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு, வேறொரு வங்கியின் கிரெடிட் கார்டு, கொஞ்சம் ரொக்கம். ஒன்று தொலைந்தாலோ முடங்கினாலோ மற்ற இரண்டும் தாங்கும்.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். வெளிநாட்டுப் பயன்பாடு என்ற வசதியும் அணைந்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய் இயக்கி வரம்பு வையுங்கள். அங்கே கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அந்தக் கடையின் வங்கி தன் விருப்பப்படி விகிதம் போடும்.

ரொக்கமாக வெளிநாட்டு நோட்டு ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வாங்கலாம். இந்திய ரூபாய் 25,000 வரைதான் கையில் கொண்டுபோகலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவதால் அதைச் சுற்றியே பணமாற்றுக் கடைகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள கடையா என்று பார்த்து ரசீதோடு வாங்குங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கம் ஏற்கமாட்டார்கள், வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும். கிழிந்த, பேனாவால் கிறுக்கிய டாலர் நோட்டுகளை அங்கேயே மாற்றிக் கேளுங்கள். பல நாடுகளில் அவற்றைத் தொடமாட்டார்கள்.

பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் வரவாக வந்து, வருமான வரிக் கணக்கில் கழியும். யார் பெயரில் பணம் கட்டுகிறீர்களோ அவருக்குத்தான் வரவு என்பதால், கணக்குத் தாக்கல் செய்பவர் பெயரிலேயே கட்டுங்கள்.

நகை: தாலிச் சங்கிலி, சிறு தோடு போதும். அதற்கு மேல் போட்டுக்கொண்டு போவதானால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அது இங்கிருந்து போன நகை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

6. இன்ஷூரன்ஸும் மருந்தும்

ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதை மட்டும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எடுத்துவிடுங்கள். கட்டாயமில்லாத நாட்டுக்கும் எடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுத வேண்டும். மறைத்தால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும், மருத்துவமனைச் செலவு முழுவதையும் மறுத்துவிடுவார்கள். கிளம்பும் நாளிலிருந்து வேலூர் திரும்பும் நாள் வரை காலம் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மருந்துகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பெயர் தெரியாத மாத்திரையைச் சுங்க அதிகாரி சந்தேகிப்பார். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயர், அளவு, நோய் மூன்றும் எழுதிய கடிதம் வாங்குங்கள். இங்குள்ள பிராண்டுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பயண நாட்களோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்து, எல்லாவற்றையும் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். இன்சுலின் சரக்கறையில் உறைந்து கெட்டுவிடலாம்.

நம் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை சில நாடுகளில் குற்றமாகும். டிராமடால் வலி மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. மூக்கடைப்பு மாத்திரைகளில் வரும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். கென்யா போன்ற சில ஆப்பிரிக்க நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவை. நுழைவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். இந்த ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

7. பெட்டியும் தின்பண்டமும்

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். உள்ளது ஏறத்தாழ 74 வாட்-மணி, அது போகும். எழுத்து அழிந்த பவர் பேங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். நெய், ஊறுகாய், தொக்கு எல்லாம் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் கூடாது. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசையால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் எந்தப் பையிலும் வேண்டாம்.

கசகசாவை மறந்தும் எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாப் பொடி, மசாலாப் பொடிகளில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் அதே பிரச்சினைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது. உறவினருக்கு ஆற்காடு மக்கன்பேடா கொண்டுபோக ஆசை இருக்கும். கோவா சேர்ந்தது என்பதால் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். முறுக்கு, எள்ளடை, கடலை உருண்டை போல நெய் சேராதவற்றை எடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த உணவாக இருந்தாலும் அட்டையில் 'ஆம்' என்று எழுதிவிட வேண்டும். காட்டினால் பெரும்பாலும் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதம்.

மின்சாரம்: சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் மூன்று சதுர முனைப் பிளக். ஜப்பானில் இரண்டு தட்டை முனை, 100 வோல்ட். போன் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் அங்கே ஓடும். நம் ஊர் மின் கெட்டில் அங்கே சரியாகச் சூடாகாது.

8. போன்

இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே புது சிம் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது ஓ.டி.பி.யில்தான். கார்டில் பணம் கட்டினால் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். கிளம்புமுன் ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, இந்திய சிம்மைப் போனிலேயே விட்டுவிடுங்கள். டேட்டாவுக்கு இ-சிம் அல்லது இரண்டாவது சிம். விடுதி முகவரி, திரும்பும் டிக்கெட், வரைபடம் ஆகியவற்றை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள்.

9. கடைசி மூன்று நாள்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இணையத்தில் வருகை அட்டை கேட்கின்றன. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றுமே இலவசம். பணம் கேட்டால் போலித் தளம். முன்கூட்டியே நிரப்ப முயன்று 'தளம் வேலை செய்யவில்லை' என்று பதறத் தேவையில்லை. குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை உண்டு.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இ.சி.ஆர். (குடியகல்வு அனுமதி தேவை) குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவோருக்கான விதி அது. சுற்றுலாவுக்குத் தடையில்லை. ஆனாலும் சென்னைக் குடிவரவு அதிகாரி கேள்வி கேட்பார். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு இரண்டையும் அச்செடுத்து அவரவர் கையில் கொடுங்கள். எல்லாம் மகன் போனில் இருக்கிறது என்றால், தனி வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு அது உதவாது.

10. வேலூரிலிருந்து விமான நிலையம்

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரம் என்பது சாலை சீராக இருந்தால்தான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் மாலை நேரத்தில் ஒரு மணி கூடும். கவுன்ட்டர் விமானம் கிளம்ப 60 நிமிடம் முன்பு மூடிவிடும், மூன்று மணி நேரம் முன்பு உள்ளே இருக்க வேண்டும். ஆகவே விமான நேரத்திலிருந்து ஏழு மணி நேரம் பின்னோக்கி எண்ணி வீட்டைப் பூட்டுங்கள்.

ரயிலில் போவதானால் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குப் போகிறது. இரவு 11 மணியோடு மெட்ரோ நின்றுவிடும், ரயில் தாமதத்துக்கும் இடம் விடுங்கள். பெங்களூரு வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து போனால் நகரத்தைக் கடக்க நேரலாம்.

11. இறங்கியதும்

குடிவரவு மேசையில் கேட்பது எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். விடுதிப் பெயரைப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். விமான நிலையத்திலேயே பெரிய தொகையை மாற்றாதீர்கள், விகிதம் குறைவாக இருக்கும். ஊருக்குள் போகும் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள்.

விடுதிக்குப் போனதும் பாஸ்போர்ட்டுகளை அறைப் பெட்டகத்தில் வைத்து, நகலை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். சில நாடுகளில் அசலைக் கையில் வைத்திருக்கச் சட்டம் உண்டு. ஜப்பான் அவற்றில் ஒன்று. தொலைந்துவிட்டால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அதோடு பாஸ்போர்ட் நகல், இரண்டு புகைப்படங்கள், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போனால், நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். வார இறுதியில் தூதரகம் மூடியிருக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை தொலைத்தால் அன்றே அவசர எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணைக் கிளம்புமுன்பே காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட் இல்லாத வேறொரு பையில் வைத்திருக்க வேண்டும்.